வீரன் கட்சியில் நான்

எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் காவியத்தை மட்டும் பேசினால் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். மாமியார், மருமகள், புருஷனுக்குப் போட்ட காப்பி என்று ஏதாவது வீட்டுக் கதையை இழுத்துவிட்டால்தான் பந்தல் அதிரும். சேலத்தில் கல்லூரியில் தமிழ் நடத்தும் நான், இந்த வித்தையைக் கேலி செய்து வந்தவள்.

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு என்னையும் பேச அழைத்தார்கள். தலைப்பு, காவியத்தின் எதிர்நாயகன் வீரனா, கொடியவனா? தன் குடிகளை வாழவைத்தவன், ஒரு பெண்ணை அழவைத்தவன். எனக்கு வீரன் கட்சி.

முன்வரிசையில், தோளில் பொன்னாடையோடு அப்பா. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தவர். எங்கள் ஊரே காய்ந்து கிடந்த ஒரு கோடையில் காசு வாங்காமல் போர்வெல் போட்டுக் கொடுத்தார். இன்றும் ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

பெண்கள் பக்கம், கடைசியில், அம்மா. வளைந்துபோன இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். சேலத்துக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சாத மாதமில்லை. பதில் ஒன்றுதான்: “ஊருக்கே தண்ணி குடுத்த மனுசனை உட்டுப்போட்டு வந்தா, ஊரு என்னையத்தான சாமி பேசும்?”

அப்படியானால் ஊருக்குத் தெரியட்டும் என்று முடிவுகட்டித்தான் மேடை ஏறினேன்.

“வீரன்தானுங்க நடுவர் ஐயா. எங்கப்பாவும் வீரன்தான். அவர் போட்ட போர்ல தண்ணி வந்தது நெசம். அன்னைக்கே, சோத்துல உப்புக் கம்மின்னு எங்கம்மா கையை முறிச்சதும் நெசம்.”

பந்தல் சிரித்தது. வழக்கமான வீட்டுக் கதை என்று நினைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“சிரிக்காதீங்க. சோடிச்சுச் சொல்லலைங்க. அந்தக் கை இன்னும் நேராகலை. அந்தத் தண்ணியை நானும் குடிச்சேன், அதனால வீரன் இல்லைன்னு சொல்லமாட்டேன். வீரன்கிறதுக்காக மத்ததை மறைக்கவும் மாட்டேன். மேடையில ரெண்டு கட்சியாப் பிரிச்சுக்கலாம். ஊட்டுக்கு வந்து கதவைத் தட்டறது ஒரே ஆளுதானுங்க.”

நடுவர் அவசரமாக மணியடித்தார். அப்பா பொன்னாடையின் நுனியைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தார். பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை.

இறங்கும்போது யாரும் கைதட்டவில்லை. அம்மா எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்கு முன்னாலேயே நடந்து வந்தாள். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து என் கையைப் பிடித்தாள்.

“தீர்ப்பை அவங்க சொல்லிக்கட்டும். காரை எடு சாமி, நானும் வாரேன்.”