பன்னிரண்டு மணிக்கு மெயின் விழும்

நேற்று மகள் கட்டைவிரல் அளவில் எதையோ கம்ப்யூட்டரில் செருகி, "அப்பா, இதுக்குள்ள ஆயிரம் படம் இருக்கு" என்றாள். நானும் விடவில்லை. அலுமாரியிலிருந்து என் பெட்டியை எடுத்து வைத்தேன். "இது என்னப்பா, செங்கல்லா?" என்றாள். சிரிக்காதீர்கள், அதற்குள் ஒரு தோட்டமே இருந்தது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிளாக்கர். கம்ப்யூட்டர் படித்த திமிர் வேறு. தோட்டத்துப் பிறப்புப் புத்தகங்களைக் கறையான் தின்னுதென்று எல்லாவற்றையும் டைப் அடித்தேன். "இனிப் புத்தகம் என்னத்துக்கு?" என்று கேட்ட மகாராசனும் நானேதான். ஆபீஸுக்குப் பின்னால் கொளுத்தி, அந்த நெருப்பிலேயே தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். நல்ல தேத்தண்ணி.

அடுத்த மழையில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. பசாரில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருந்த நானா அதை இந்தப் பெட்டியில் பூட்டி, இரண்டு வயரும் தந்தார். "மொதல்ல கரண்ட். வெளக்கு எரிஞ்ச பொறகு மத்தது. மாத்திக் குத்திராதீங்க தம்பி."

பெட்டி ஆபீஸுக்கு வந்த அன்று காலையிலேயே லெட்சுமி அக்கா, ரப்பர்ப் பால் வெட்டிய கையோடு, ஆபீஸ் வாசலில் நின்றாள். ஐடென்டிக்கு, அதுதான் அடையாள அட்டைக்கு, எழுதப் பிறந்த திகதி வேண்டும். அரசாங்கத்தில் பதியாத பிறப்பு. எங்கள் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது.

"பாத்துச் சொல்லு தம்பி. என்னைப் பெத்த அன்னைக்கே எங்கம்மா போயிருச்சு. நாள் தெரிஞ்சா ஒரு வெளக்காவது ஏத்துவேன்."

பெரிய கிளாக்கர் நாட்காட்டியைப் பார்த்தார். பதினொன்றரைக்குத்தான் நல்ல நேரமாம். அதுவரை பெட்டி சும்மா கிடந்தது. பிறகு சந்தனப் பொட்டு, சூடம், தேங்காய். ஒருவழியாகக் கரண்ட் கொடுத்தேன், விளக்கு எரிந்தது. மற்ற வயரையும் குத்தினேன், எல்லாம் வந்தது. அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்திருக்கலாம் இல்லையா? தோட்டத்துத் துரையிடம் பேர் வாங்கும் ஆசை விடுமா? முழுவதையும் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றத் தொடங்கினேன்.

பன்னிரண்டு மணி அடித்தது. பெரிய கிளாக்கர் மெயின் சுவிட்ச் பக்கம் நடந்தார்.

"ஐயா, ஐயா! ஒரு பத்து நிமிஷம்!"

"கரண்ட மிச்சம் பிடின்னு துரை சொல்லியிருக்காரு. மணி அடிச்சா மெயின் விழணும்."

விழுந்தது. என் கத்தலுக்குப் பயந்து அவரே மறுபடி போட்டார். பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. கொழும்பு வரை கொண்டுபோயும் பலனில்லை.

கடைசியில் பெரிய கிளாக்கர் ஐடென்டிக்கான கடிதத்தில் ஜனவரி ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஐடென்டி வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்கம்மா செத்ததும் ஜனவரி ஒண்ணா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன். பாவி, வேறென்ன சொல்வேன்?

அடுத்த ஜனவரி ஒன்று, வருஷப் பிறப்பென்று லயத்து வீடுகளிலெல்லாம் பட்டாசு. அவள் வாசலில் மட்டும் ஒரு விளக்கு.

இப்போது அந்த ஆபீஸும் இல்லை, மணியும் இல்லை. நேற்று மகளுக்குக் காட்ட, நானா சொன்னபடி முதலில் கரண்ட் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. மற்ற வயரைக் குத்த எனக்கு மனம் வரவில்லை.