மும்மாரி கேட்ட அமெரிக்கக் கவர்னர்

சுதந்திரம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ராஜா ஆண்ட சமஸ்தானத்தில், குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் தற்காலிக வாத்தியார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தாசில்தார் தலைமை. அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம். முகம் சுளித்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இங்கிலீஷ் படித்த மனிதர். சும்மா இருப்பேனா? அவரை அசத்துவதற்காக, அமெரிக்காவில் ஒரு மாகாணத்துக்குக் கவர்னராக இருந்தவரின் வாழ்க்கையை நாடகமாக எழுதினேன்.

நல்ல கதைதான். குடியானவர் மகன்; வக்கீலுக்குப் படித்தார்; விளைச்சலை ஏற்றிப்போக அநியாயக் கட்டணம் வாங்கிய ரயில் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார். ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கவர்னராக்கினார்கள். ரோடு போட்டார், பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த தேர்தலில் அதே ஜனங்கள் தோற்கடித்தார்கள். மனிதர் பேசாமல் ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தார். என் நாடகமும் அங்கேதான் முடிய வேண்டும்.

கவர்னராக நடிக்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. திருவிழா நாடகங்களில் ராஜா வேஷம் அவருக்குத்தான்; மற்ற நாளில் வயலில் உழுகிற சம்சாரி. ஊரே அவரை ராஜபார்ட் என்றுதான் கூப்பிடும். ஒத்திகையிலேயே தகராறு.

“ஓட்டுக் கேட்டு நான் கும்பிடணுமா? ராஜா எங்கிட்டாவது கும்பிடுவாரா வாத்தியாரே?”

“அவர் ராஜா இல்லைங்க, கவர்னர்.”

“சரி, கும்பிடுறேன். தோக்க மட்டும் மாட்டேன். சாமிகிட்டத் தவிர வேற யாருகிட்டயும் நான் மேடையில தோத்ததில்ல.”

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். விழாவன்று சாயங்காலம் கோட்டோடு கிரீடமும் வாளுமாக வந்து நின்றார் பாவி மனுஷன். மேடையேறி மீசையை முறுக்கி, “மந்திரி! நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கர்ஜித்தார்.

நான் எழுதாத வசனம். எந்த ராஜாவும் மேடையேறியதும் கேட்கிற கேள்வி அது. மந்திரி “பொழிகிறது மன்னா” என்று சொல்லிவிட்டால் கதை நகரும். ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கம் கண்மாயெல்லாம் காய்ந்து கிடந்தது. கவர்னரின் குமாஸ்தாவாகப் பக்கத்தில் நின்ற பையன் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “எங்க பொழியுது? பேஞ்ச ஒரு மழையும் ஒடஞ்ச மடை வழியா ஓடிப்போச்சு!” என்று கத்தினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ராஜபார்ட்டுக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. “மடையைக் கட்டித் தந்தால் எனக்கு ஓட்டுப் போடுவீர்களா?” என்றார். ராஜாவைத் தேர்ந்தெடுத்தே அறியாத சமஸ்தானத்து ஜனம், அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்! தோற்கிற காட்சி போயே போச்சு.

ராஜபார்ட் முன்வரிசையை நோக்கி வாளை நீட்டினார். “மந்திரி! உடனே மடையைக் கட்டு!”

வாள் முனைக்கு நேரே தாசில்தார்.

அவர் மெல்ல எழுந்து, “ஆகட்டும்” என்றார். ஊர் முன்னால் சொன்ன சொல்லாயிற்றே, சில நாளில் மடைக்குக் கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கிவிட்டன. அது பிறகு. அன்றைக்கு விழா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“அந்தக் கவர்னர் நெசத்துல செயிச்சாரா?”

“தோத்துட்டாருங்க.”

“பெறகு?”

“ஊருக்குப் போயி வெவசாயம் பாத்தாருங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒமக்கு நெலம் நீச்சு ஏதும் இருக்காய்யா?”

“ஒரு குழி நெலங்கூட இல்லைங்க.”

“அப்பத் தோக்குறதுக்கு ஒமக்கு வசதியில்ல. இங்கிட்டே இருந்து பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சொல்லிக்குடும்.”