பெரட்டில் தூக்கிய கை

எங்கள் தோட்டத்தில் பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்க வேண்டும். காலைப் பனி விலகுவதற்கு முன்னால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கணக்கு எழுதும் கிராணி கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயருக்குரிய ஆள் கையைத் தூக்கினால் அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அர்த்தம். தூக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். வாயால் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது, இந்த மலைக் காற்றில் யார் குரல் யாருக்குக் கேட்கும்? அம்மா பதினாறு வயதில் தூக்க ஆரம்பித்தவள். ஓய்வு பெறும்வரை அவள் கை ஒருநாளும் தாமதித்ததில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவர்களுக்கு நான் உடந்தை.

அப்போது கம்பெனியின் தேநீர்க் கடையில் எனக்கு வேலை. மலைச்சரிவைப் பார்த்தபடி கண்ணாடி போட்டுக் கட்டிய கடை. சுற்றுப்பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். என் வேலை படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது. வெள்ளைக் கோப்பை, பக்கத்தில் ஸ்ட்ராபெரி ஜாம், பின்னால் பச்சை மலை. மலையில் ஆட்கள் தெரிந்தால் புள்ளியாகத்தான் தெரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உண்மையில் அந்த மலையில் கொழுந்து வெட்டுவது வங்காளதேசத்துப் பையன்கள், இயந்திரத்தால். அந்த இரைச்சலை எந்தப் படத்திலும் நான் காட்டியதில்லை. விளம்பரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் ஓய்வு பெற்ற அக்கா யாரையாவது கூப்பிட்டு, முதுகில் கூடையை மாட்டி, சிரிக்கச் சொல்வோம். அந்தக் கூடைகள் கடையில் அலங்காரத்துக்குத் தொங்கியவை. படம் எடுத்ததும் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவோம்.

கடைக்குப் பின்னால்தான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம். அந்த இடத்தில் பணக்கார விருந்தாளிகளுக்கு மரவீடுகள் கட்டலாம் என்று கம்பெனிக்கு ஆசை வந்துவிட்டது. வேலையில் இருப்பவர்களுக்குத்தான் லயத்து வீடு, ஓய்வு பெற்றவர்கள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் நான் வேலையில் இருக்கிறேனே என்று கேட்டதற்கு, தேநீர்க் கடை காகிதத்தில் வேறு கம்பெனி என்று பதில் வந்தது. சம்பளத்தாளில் அதே இலைச் சின்னம், கையெழுத்துப் போடுவதும் அதே மேனேஜர் துரை, ஆனால் வேறு கம்பெனியாம். மாற்று வீடு லெம்பா பெர்த்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். அணைக்குக் கீழே, ஒருமுறை சேறு வந்து வீடுகளை மூடிய இடம். அங்கே போக யாருக்கு மனம் வரும்?

தமிழ்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்து, லயத்து வாசலில் நின்ற கிழவர்களைப் படம் எடுத்து முதல் பக்கத்தில் போட்டார். கம்பெனி ஆடிப்போய்விட்டது. மனிதர்களுக்காக இல்லை, பெயருக்காக. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் விளக்கம் கேட்டார்களாம். உடனே கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரிலிருந்து நற்பெயரைக் காப்பாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. எல்லாரும் மேடம் என்றோம். சேற்றில் கால் வைக்காமல் லயத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

“கதையை நாம சொல்லணும்மா. நாம சொல்லலைன்னா வேற யாராச்சும் சொல்லிடுவாங்க” என்றார் என்னிடம்.

இரண்டே நாளில் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும். பின்சுவரில் பாசி அப்படியே இருந்தது. வாசலுக்கு ஒரு பூத்தொட்டி வைத்தார்கள், அதையும் படம் எடுத்த மறுநாள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதையெல்லாம் நான் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு பை அரிசியும் எண்ணெயும் கொடுத்தார்கள். துரை மலாயில் பேசினார், மேடம் தமிழில் சொன்னார். தோட்டம் ஒரு குடும்பம், உங்கள் நலன்தான் எங்கள் நலன், இப்படியே அரைமணி நேரம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மேடம் சொன்னார்: “வீடியோவுல யாரு யாருன்னு தெரியணும்லா, கிராணி எல்லார் பேரையும் ஒருதரம் படிச்சிடுங்க.”

கிராணி படித்தார். கைகள் எழுந்தன. கலைந்து நின்றவர்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிட்டார்கள். முட்டிவலிக்காரர்கள்கூட நிமிர்ந்து நின்றார்கள். அம்மா பெயர் வந்தபோது நான் கைப்பேசியோடு கிட்டே போனேன். தேயிலைக் கறை ஏறிய விரல்கள், பின்னால் மேகம். நான் எடுத்ததிலேயே அழகான காட்சி அதுதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் வெட்டி ஒட்டிய வீடியோ கோலாலம்பூரிலிருந்து வந்தது. தமிழில் எழுத்து சேர்ப்பது என் பொறுப்பு. போட்டுப் பார்த்தேன். மலாயில் ஓர் ஆண்குரல், “புதிய குடியிருப்புக்கு மாறச் சம்மதமா?” என்று கேட்கிறது. அடுத்த நொடி கைகள் எழுகின்றன. கிராணியின் குரலை எடுத்துவிட்டு அங்கே புல்லாங்குழல் வைத்திருந்தார்கள். கடைசிக் கை அம்மாவுடையது.

மேடத்துக்கு போன் செய்தேன். “மேடம், அந்தக் கேள்விய அங்க யாருமே கேக்கலயே.”

“கேட்டிருந்தா தூக்கியிருப்பாங்கதானே? ஒரு ஃப்ளோவுக்காக வச்சிருக்கோம். இது சும்மா இமேஜுக்குதாம்மா. வீடியோவ வச்சு வீட்டையா எடுக்கப் போறாங்க?”

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. படத்தில் வைத்த பொய் படத்தோடு போய்விடும், சுவரையும் கூரையையும் அது என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து தட்டினேன்: “அனைவரும் மகிழ்ச்சியுடன் கைதூக்கிச் சம்மதம் தெரிவித்தனர்.” இதில் “மகிழ்ச்சியுடன்” என்ற சொல்லை மேடம் கொடுக்கவில்லை. வரி மொட்டையாக இருக்கிறதே என்று நானே சேர்த்தேன்.

பிறகு நடந்ததைச் சொல்லவே நாக்கு கசக்கிறது. தொலைக்காட்சிச் செய்தியில் அதை ஒளிபரப்பினார்கள். கிழவர்களை முதல் பக்கத்தில் போட்ட அதே பத்திரிகை, கம்பெனி அறிக்கையை எழுத்து மாறாமல் உள்பக்கத்தில் போட்டது. பக்கத்திலேயே பெரிதாகத் தேயிலை விளம்பரம். எங்கள் தொகுதியில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஒய்பி தம் ஃபேஸ்புக் பக்கத்தில் வீடியோவைப் பகிர்ந்து, பேச்சுவார்த்தையின் வெற்றி என்று எழுதினார். அவர் யாரோடு பேசினார் என்று கேட்க ஒருவரும் இல்லை. கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடு பொம்மைகள்.

அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“பேரு கூப்டாங்க, கையத் தூக்கினேன். வந்துட்டேன்னுதானடி அதுக்கு அர்த்தம்?”

“ஆமாம்மா.”

“நீதானே பக்கத்துல நின்னு படம் எடுத்த?”

“எடுத்தது மட்டும்தாம்மா நான். மத்ததெல்லாம் கேஎல்லுல செஞ்சது.”

“சந்தோசமா தூக்கினேன்னு எவன் எழுதினான்?”

“கேஎல்லுலதான்.”

அந்தப் பொய்யை இன்றுவரை அம்மாவிடம் திருத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து வக்கீல் கடிதம் வந்தது. மலாயில் இருந்ததை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். பொதுக்கூட்டத்தில் ஏற்கெனவே அளித்த சம்மதத்தின்படி, காணொளிப் பதிவின்படி, குறித்த தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேடத்துக்கு எத்தனையோ முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவருக்கு எங்களிடம் ஆக வேண்டிய வேலை முடிந்துவிட்டது.

அந்த நிருபரைத் தேடிப் போய், தானா ராத்தா டவுன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிடித்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“எழுதிடலாம் அக்கா. உங்க பேரப் போடணும். நான்தான் எடுத்தேன், அந்தக் கேள்வி அங்க கேக்கவே இல்லன்னு நீங்க சொன்னதா போடணும்.”

“பேரு வேணாம் தம்பி. வேலை போயிடும்.”

“பேரு இல்லாம போட்டா எடிட்டரு தூக்கிக் குப்பையில போட்டுடுவாரு. விளம்பரம் யாரு குடுக்கிறான்னு உங்களுக்கே தெரியும்லா.”

பத்திரிகைக்காரன்களைத் திட்டிக்கொண்டே மலையேறினேன். வழியெல்லாம் திட்டினேன். விலைபோனவர்கள், முதுகெலும்பு இல்லாதவர்கள், இன்னும் எழுத முடியாத என்னென்னவோ. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கடையில் ஒரு பெயர் கேட்கப்பட்டது, என்னுடைய பெயர். நான் கையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அம்மாவிடம் கத்தினேன்: “இனிமே எவன் பேரக் கூப்டாலும் கையத் தூக்காத! புரியுதா?” அம்மா தலையாட்டினாள். திட்டு வாங்க வேண்டியவள் அவளா?

தேதி வந்ததும் வீட்டைக் காலி செய்தோம். லெம்பா பெர்த்தாமுக்குப் போக அம்மா மறுத்துவிட்டாள். தானா ராத்தாவில் ஒரு மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை பிடித்தோம். லயத்து வீட்டில் சாமி படங்களை எடுத்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. பூட்டை மாட்டியவர் அந்தக் கிராணிதான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டார். நான் வேலையை விட்டேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை, வீடு போன பிறகு விட்டேன். கொஞ்ச நாளிலேயே என் இடத்துக்கு வேறொரு பெண் வந்து, லயத்தை இடித்த மண்ணைக்கூட அழகாகப் படம் எடுத்துப் போட ஆரம்பித்திருந்தாள்.

போன மாதம் அம்மாவை இரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவளை உட்கார வைத்துவிட்டுக் காரை நிறுத்தப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம், இடம் கிடைக்க நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“உன் பேரக் கூப்புடலயாம்மா?”

“மூணு தடவ கூப்டாங்க.”

“அப்புறம் ஏன் சும்மா உக்காந்திருக்க?”

“நீதானே தூக்காதன்னு சொன்ன.”

கதவு திறந்தது. மலாய்க்கார நர்ஸ் எட்டிப் பார்த்து அம்மாவின் பெயரை நாலாவது முறையாகக் கூப்பிட்டாள். நான் எழுந்து கையைத் தூக்கினேன். அம்மா சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் தூக்கிய கையில் என் கைப்பேசி இருந்தது. அதையே பார்த்தாள்.

“படம் எடுக்கிறியா?” என்று கேட்டாள்.