பதினோரு வினாடி

விசில் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அவர் குரலுக்கும் அதே வயதுதான். இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்தில் நடத்துநராக நின்று, படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏறச் சொல்லியும் தூங்கி வழிகிறவர்களை நிறுத்தம் பார்த்து எழுப்பியும் பழகிய குரல். அடியில் கொஞ்சம் மணல் கிடக்கும். ஒருநாள் விசிலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, நாள் முழுக்க வாயாலேயே விசிலடித்து வண்டியை நடத்தியதில் டிப்போ வைத்த பெயர் அது.

அந்தக் குரலை நம்பித்தான் மூன்று பேர் ஒரு ராக் குழு நடத்தினார்கள். அக்கா பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவருடைய தம்பி லீட் கிட்டார். டிரம்ஸ், அவர் வண்டியையே ஓட்டுகிற டிரைவர் அண்ணன். மஞ்சள் விளக்கு எரிந்தாலே வண்டியை நிறுத்திவிடுகிற மனிதர். பின்னால் வருகிறவர்கள் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாரே தவிர ஆக்சிலேட்டரைத் தொடமாட்டார். டிரம்ஸும் அப்படித்தான். மூவரும் ஒன்பது வருடம், வார ஓய்வு நாட்களில், டிப்போவின் டயர் கிடங்கில் வாசித்தார்கள். பழைய டயர்கள் சத்தத்தை விழுங்கிக்கொள்ளும், அதனால் யாரும் புகார் சொன்னதில்லை.

தொழிற்சங்க ஆண்டு விழாவில் இவர்களைக் கேட்ட ஓர் இசைத்தட்டு நிறுவனத் தயாரிப்பாளர் ஆல்பம் போடலாம் என்று வந்தபோது, அக்கா சேர்த்து வைத்திருந்த விடுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

ஸ்டுடியோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் மெத்தை, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். பேச்சுக்குப் பஞ்சம் வந்த மாதிரி இருப்பார். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அது எத்தனை நிமிடம் எத்தனை வினாடி ஓடியது என்று ஒரு தாளில் குறித்துவிட்டுத்தான் தலை நிமிர்வார். பன்னிரண்டு நாளில் பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் டிரைவர் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்து, “ஒரு சிக்னலையும் மீறல தங்கச்சி” என்றார்.

ஒரு மாதம் கழித்து முதல் பாட்டு வானொலியில் வந்தது. டிப்போ கேன்டீனில் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றார். சொற்கள் அவருடையவை, மூச்சு எடுக்கிற இடங்கள் கூட அவருடையவை. ஆனால் பாடியது இருபது வயதுப் பெண் ஒருத்தி. மணலைச் சலித்து எடுத்துவிட்டார்கள்.

மாலையில் தம்பியின் கடைக்குப் போய்ச் சொன்னார். அவன் ஏதோ ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிராமலே சொன்னான்.

“அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்கு வேற மாதிரிதான்க்கா கேக்கும். மண்டைக்குள்ள கேக்குறது வேற, வெளிய கேக்குறது வேற.”

“அது எனக்குத் தெரியாதாடா? டிப்போ மைக்குல தினம் என் குரலக் கேக்குறேன்.”

“அப்ப ரேடியோவுல அப்படி இருக்கும்.”

விளக்கம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாக இருக்கிற ஒன்று உண்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. அடுத்த முறை பாட்டு வந்தபோது பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தார். ஒட்டவில்லை. ஒரு கட்டை மேலே போனால் அதிகம், பழைய இடத்தில் நின்றால் குறைவு. இரண்டு கட்டைக்கும் நடுவில், கிட்டாரில் இல்லாத ஓர் இடத்தில் பாட்டு நின்றிருந்தது.

மறுநாள் வண்டியில் டிரைவர் அண்ணன் தானாகவே ஆரம்பித்தார்.

“அந்த டிரம்ஸ் நான் அடிச்சதில்ல தங்கச்சி.”

“நீங்கதானே அண்ணே அடிச்சீங்க.”

“அடிச்சேன். ஆனா இவ்வளவு அவசரமா எனக்கு எங்கயும் போக வேண்டியதில்லயே!”

அக்காவுக்கு விஷயம் அந்த இடத்தில் பிடிபட்டது. அன்று வானொலியில் பாட்டு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். நான்கு நிமிடம் ஒன்பது வினாடி. ஸ்டுடியோவுக்குப் போய் ஒலிப்பதிவாளரிடம் தாளைக் கேட்டார். நான்கு நிமிடம் இருபது வினாடி. பதினோரு வினாடியைக் காணோம். டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். வேகம் கூடினால் குரல் மேலே ஏறும், மெலியும், வயது இறங்கும்.

தம்பியையும் ஒலிப்பதிவாளரையும் கூட்டிக்கொண்டு நிறுவன அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். தயாரிப்பாளர் மறுக்கவில்லை. “மேடம், உங்க நல்லதுக்குத்தான். கேக்குறவங்களுக்கு இளமையான குரல் வேணும். பாட்டு ஓடுது பாருங்க.”

“யாரைக் கேட்டு செஞ்சீங்க?”

தயாரிப்பாளர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். டேப்பின் வேகக் குமிழைத் திருப்பியபோது அவன் அந்த அறையில் இருந்திருக்கிறான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சுவரில் அந்த நிறுவனத்தின் வேறு பாடகர்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் நான்கு பேர். அவர்கள் குரல் கரகரத்தால் ‘வாழ்ந்து பார்த்த குரல்’ என்று பத்திரிகைகள் எழுதும். அவர்களுடைய டேப்பை யாரும் ஒரு வினாடி கூட விரட்டியதில்லை. அதே கரகரப்பு ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தால் மட்டும் அது பழுது, சரிசெய்ய வேண்டிய கோளாறு. வாழ்ந்து பார்க்கிற உரிமையைக்கூட ஆணுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டார்கள்.

“இளமையான குரல்தான் வேணும்னு அவங்க உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“அனுபவத்துல தெரியும் மேடம்.”

“சோதிச்சுப் பாத்தீங்களா?”

“இதுல சோதிக்க என்ன இருக்கு?”

“அப்ப சோதிப்போம். நான் தோத்தா ஆல்பம் உங்க வேகத்துலயே வரட்டும், மறுபேச்சு பேச மாட்டேன். ஜெயிச்சா நான் பாடின வேகம்.”

மூல டேப் அப்படியே இருக்கிறது, மறுபடி பிரதி எடுக்க ஒரு மத்தியானம் போதும் என்று ஒலிப்பதிவாளர் வாயைத் திறந்து சொன்னார். அவர் அன்று பேசியது அவ்வளவுதான். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார்.

சோதனையில் அக்கா ஓட்டை எதுவும் வைக்கவில்லை. சொந்த டிப்போவில் கேட்டால் முகதாட்சண்யத்துக்குக் கை தூக்குவார்கள் என்று, ஊரின் மறுகோடியில் இருந்த வேறு டிப்போவைத் தேர்ந்தெடுத்தார். வானொலியில் வராத பாட்டாக எடுத்தார். பாதிப் பேருக்கு வேகமானதை முதலில் போட்டார், மீதிப் பேருக்கு அசலை. பாடியவர் யார் என்று சொல்லவில்லை. முப்பத்தொரு பேர் கேட்டார்கள்.

வேகமானதுக்குப் பத்தொன்பது. அசலுக்குப் பன்னிரண்டு.

திரும்பி வரும்போது டிரைவர் அண்ணன், “எண்ணினதுல ஏதாவது தப்பு…” என்று இழுத்தார்.

“இல்ல அண்ணே. ரெண்டு தடவ எண்ணிட்டேன்.”

முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகச் சோதனையைக் குறை சொல்கிறவர் இல்லை அக்கா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தட்டுகள் வேகமான பிரதியிலிருந்தே அச்சாகி வந்தன. பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி வந்தபோது, “நான் பாடினதும்மா அது” என்றார். அவள் சிரித்துவிட்டு, “உங்க பொண்ணு பாடினதா ஆன்ட்டி?” என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அக்காவும் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு யோசனை அவரை அரித்தது. சோதனை சரிதான், கேள்விதான் தப்பு. எது பிடிக்கிறது என்று முப்பத்தொரு பேரைக் கேட்கலாம். அவர்கள் சொல்வது அவர்களுடைய ருசி, அதில் தவறே இல்லை. நான் யார் என்று அவர்களிடம் எதற்குக் கேட்டேன்? ஊரே கை தூக்கினாலும் நாற்பத்தாறு இருபதாகிவிடுமா?

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை மாலை. அரங்கம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் தயாரிப்பாளர் வந்து, “தட்டு ஓடும் மேடம். நீங்க வாயசைச்சாப் போதும். கிட்டாருக்கு வயர் கூட மாட்ட வேண்டாம்” என்றார்.

“நான் பாடுவேன்.”

“நீங்கதானே மறுபேச்சு பேச மாட்டேன்னீங்க?”

“தட்டு உங்களது. அதப் பத்தி இப்பவும் பேசல. வாய் என்னோடது.”

தயாரிப்பாளர் தம்பியின் பக்கம் திரும்பினார். “அக்காவுக்கு எடுத்துச் சொல்லுப்பா. அடுத்த ஆல்பமே இதுலதான் இருக்கு.”

தம்பி அக்காவின் கையைப் பிடித்தான். “ஒரே ஒரு நாள்க்கா. நம்ம ஒன்பது வருஷத்த நெனச்சுப் பாரு.”

“அதத்தான்டா நெனக்கிறேன். ஒன்பது வருஷம் டயருக்கு முன்னாடி நின்னு பாடினது யாரு? அந்தப் பொண்ணா?”

“எனக்கு இது வேணும்க்கா. கடைய மூடிட்டு இதுல முழுசா இறங்கணும்னு இருந்தேன்.”

“தெரியும். அதனாலதான் என்கிட்ட சொல்லாம இருந்த. கோவம் இருக்கு, ஆனா புரியுது. நீ மேடைக்கு வரலேன்னாலும் புரியும்.”

அக்காவும் டிரைவர் அண்ணனும் மட்டும் மேடை ஏறினார்கள். அக்கா பேஸின் வயரைத் தானே மாட்டினார். டிரைவர் அண்ணன் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார், பள்ளிக்கூட வாசலைக் கடக்கிறவரைப் போல நிதானமாக. முதல் வரி முடிவதற்குள் கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

“ரெக்கார்டு மாதிரி இல்லையே!”

“இல்லதான் தம்பி,” என்றார் அக்கா மைக்கில், தாளத்தை விடாமல். “ரெக்கார்டுதான் என்னை மாதிரி இல்ல.”

சிலர் சிரித்தார்கள். பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து வெளியேறுவது விளக்கொளியில் தெரிந்தது. லீட் கிட்டார் வர வேண்டிய இடம் நெருங்கியது. அங்கே யாரும் இல்லை. வெறும் பேஸும் டிரம்ஸுமாக அந்த இடத்தைக் கடந்து அக்கா இரண்டாவது சரணத்துக்குள் போனார். மணல் முழுவதும் தொண்டையில் இருந்தது. போனவர்கள் போக, இருந்தவர்கள் மெல்லச் சத்தமில்லாமல் ஆனார்கள்.

லீட் கிட்டாருக்கான இரண்டாவது இடம் வந்தபோது தம்பி மேடையில் வந்து நின்றான். வயரை மாட்டியபோது ஒலிபெருக்கி ‘டப்’ என்று வெடித்ததில் பலர் துள்ளி விழுந்தார்கள். அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அந்த நிறுவனம் இவர்களை வைத்து இரண்டாவது ஆல்பம் போடவில்லை. தட்டு நன்றாகவே விற்றது. இன்றும் அது எங்காவது ஒலிக்கத்தான் செய்கிறது. தம்பி தன் கடையில் அதை வைத்துக்கொள்வதில்லை. அவன் அக்காவிடம் சகஜமாகப் பேச ஒரு வருடம் பிடித்தது. அதுவரை ஓய்வு நாள் தவறாமல் டயர் கிடங்குக்கு வந்து வாசித்துவிட்டுப் பேசாமல் போவான். அக்காவும் ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த பாட்டு எந்தக் கட்டையில் என்பதை மட்டும் சொல்வார்.