டைமன் என்றால் ஆர்ட்டின்

பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் சங்கேத ஏலமெல்லாம் கற்கலாமா என்று யாராவது கேட்டால் என் நெற்றியைத்தான் காட்டுவேன். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

தருமபுரியில் எங்கள் மாடி வீட்டுத் தம்பதிதான் எங்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கையில் டைமன் அதிகம் இருந்தால் டைமன் என்று ஏலம் கேட்க வேண்டும், ஆர்ட்டின் இருந்தால் ஆர்ட்டின். எனக்கு நன்றாகவே வந்தது. பெண்டாட்டிக்கு நன்றாக வந்தால் சில ஆண்களுக்குப் பொறுக்காது. என் கணவர் போனைப் பார்த்துப் புதுப்புது ஏலமுறைகளாகக் கொண்டுவந்தார். நான் 'நோ டிரம்ப்', அதாவது துருப்பே வேண்டாம், என்று தொடங்கி அவர் டைமன் என்றால், அவரிடம் இருப்பது ஆர்ட்டினாம். நான் உடனே ஆர்ட்டின் கேட்க வேண்டுமாம். தவழும் பிள்ளையை மரமேறச் சொன்ன கதைதான். மறந்தால் மேசைக்கு அடியில் தொடையில் கிள்ளு விழும், ரத்தம் கட்டிப்போகும். மேசைக்கு மேலே சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நோ டிரம்ப் கேட்டேன். அவர் இரண்டு டைமன் என்றார். என் கையிலும் நல்ல டைமன் இருந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்து 'பாஸ்' என்றுவிட்டேன். அதோடு ஏலம் முடிந்து, கையில் ஒற்றை டைமனை வைத்துக்கொண்டு அவர் டைமன் ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. மானம் கப்பலேறியது.

"எத்தன வாட்டிடி சொல்றது, எருமை!"

சீட்டுகள் முகத்தில் வந்து விழுந்தன. "மறந்துபோச்சுங்க" என்பதற்குள் எவர்சில்வர் டம்ளர் காபியோடு பறந்து வந்தது. கண்ணை ரத்தம் மூடியது. அப்போதும் விடாமல் மேசையைச் சுற்றி வந்து என் முடியைப் பிடித்து இழுத்தார். மாடி வீட்டுக்காரர்தான் அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் தொப்பூர் கணவாயில் லாரி மோதி அடிபட்டவர்கள் நிறைந்திருந்தார்கள். ஒருவருக்குக் கால் எலும்பு வெளியே தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அடி வாங்கியவளுக்கு என்ன வெட்கம் என்று நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது. ஆட்டோவிலேயே அவர் எச்சரித்திருந்தார்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. வேற எதும் பேசாத."

டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க," என்று என் கணவரே முந்திக்கொண்டார். என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்.

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார். இந்தச் சங்கேதத்துக்கு இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். தெரிந்தும் பாஸ் சொல்லிவிட்டுத் தையலைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இல்லைங்க டாக்டர். இவருதான் டம்ளரால அடிச்சாரு. வூட்டுல எப்பவும் அடிப்பாருங்க."

தோளில் இருந்த கை சட்டென்று விலகியது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "நீங்க வெளிய போங்க சார்," என்றார். அவர் வெளியே போனதும் நர்ஸ் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார்.