ஆளில்லாத படங்கள்

அறுபதுகளில் சாத்தூருக்கு மாற்றலாகி வந்தபோது அங்கே எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. பொழுது போக ஒரு பாக்ஸ் கேமரா வாங்கி, கரிசல் காட்டையும் தீப்பெட்டிக் கம்பெனிச் சுவர்களையும் எடுத்தேன். படம் எடுக்கப் பழகுகிறவர்கள் மாதமொருமுறை விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் கூடுவார்கள். நானும் ரயிலேறிப் போவேன்.

ஒருநாள் ஸ்டுடியோக்காரர் என் படங்களைப் பரப்பிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு. ஆனா அம்புட்டு படத்துலயும் ஒரு ஆளக்கூடக் காணோமே," என்றார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

ஊர் திரும்பியதும் ஸ்டேஷனில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாளிடம், "உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "எடுங்க. சாப்பிட்டீகளா?"

அந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தியதில் கேமரா அசைந்துவிட்டது. படம் கலங்கலாகத்தான் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அதை மட்டும் கொண்டுபோனேன்.