பற்பொடி அணி வென்றது

எங்கள் அத்தை ஜெயித்த கோப்பையை ஒரு பற்பொடிக் கம்பெனி ஜெயித்ததாக டி.வி. சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் கேட்ட பொய்களை எல்லாம் மன்னித்துவிட்டேன், ஊசி வலிக்காது என்று அம்மா சொன்னதையும் சேர்த்து. இதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. குற்றாலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்பது பேச்சுக்குத்தான். சாயங்காலம் நாலு மணி ஆனால் இலஞ்சியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருப்பாள். மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு மட்டை. வலைக்கு மேலே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தரையில் விடக்கூடாது. வெளியூர் விருந்தாளிகள் யாராவது “ஓ, ஷட்டிலா?” என்று கேட்டால் அத்தை முகம் சுண்டிப்போகும்.

சாரல் காலத்தில் கம்பளிப் பந்து ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் வழக்கம்போல அடிப்பார்கள், அது வலையிலேயே போய் விழும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கனம் பழக்கம். ஆட்டம் முடிந்ததும் அத்தை பந்துகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோற்றில் மஞ்சள் நூல் வருகிறது என்று அம்மா சத்தம் போடுவாள். அந்த நூலை என் தட்டில் கண்டால் நான் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வேன். அத்தை மேல் எனக்கு அப்படி ஒரு பித்து.

வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் பெரியப்பா. தென்காசியில் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். கெட்டவர் இல்லை. ஆனால் காகிதத்தில் இல்லாத எதுவும் அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. நான் பிறந்ததைக்கூட சர்டிபிகேட் வந்த பிறகுதான் நம்பியிருப்பார் என்று அப்பா கேலி செய்வதுண்டு.

அந்த ஆனி மாதம் அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. திருச்சியில் பதினைந்து நாள் பயிற்சி முகாம். அங்கே நன்றாக ஆடுகிறவர்களை மாநில அணிக்கு எடுப்பார்கள். அத்தை அந்தக் கடிதத்தை மூன்று நாள் ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். நாலாம் நாள் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

“பதினஞ்சு நாளு வெளியூர்ல தங்கி பந்து தட்டப் போறியா?” என்றார் பெரியப்பா. “நானும் இத்தன வருசமா பேப்பர் படிக்கேன், ரேடியோ கேக்கேன். பூப்பந்துன்னு ஒரு வரி வந்ததுண்டா? நீயே சொல்லு.”

அவர் கேட்டது நியாயம்தான். பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் கிரிக்கெட். ரேடியோவைத் திருகினாலும் அதேதான்.

அப்போதுதான் குற்றாலத்தில் சீசனை ஒட்டி ஒரு பற்பொடிக் கம்பெனி பூப்பந்துப் போட்டி நடத்துவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பெயர்பெற்ற கிரிக்கெட் வீரர் ஒருவர் சிறப்பு விருந்தினர். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் செய்தியில் காட்டப்போகிறார்களாம். அத்தை ஓடிவந்து சொன்னாள். பெரியப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “சரி, டி.வி.ல வரட்டும். வந்தா போ. வரலன்னா அந்தப் பேச்ச விட்டுரு.”

எங்கள் அணியில் நாலு பேர் இலஞ்சி, ஒருத்தி அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். ஐந்து பேரும் ஒரு வாரம் உட்கார்ந்து நீலச் சட்டையில் ‘இலஞ்சி’ என்று வெள்ளை நூலால் தைத்தார்கள். போட்டியன்று காலையில் கம்பெனி மேனேஜர் வந்து எல்லோருக்கும் வெள்ளை பனியன் கொடுத்தார். நெஞ்சில் சிவப்பு எழுத்தில் பற்பொடியின் பெயர். போட்டால்தான் ஆட விடுவேன் என்று சொல்லிவிட்டார். நீலச் சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

கடைசி ஆட்டம் பட்டணத்திலிருந்து வந்த அணியோடு. கிரிக்கெட் வீரர் வந்தார், கைகொடுத்தார், ஒரு மட்டையை வாங்கிச் சுழற்றினார், அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். கேமராக்காரரும் ஜீப்பில் ஏறி அவர் பின்னாலேயே போனார். நாங்கள் அதைப் பார்த்தோம், ஆனால் கவலைப்படவில்லை. டி.வி. என்றால் ஒரே ஒரு கேமராவா வைத்திருப்பார்கள், எங்கேயாவது இன்னொன்று இருக்கும் என்று அம்மா சொன்னாள். தென்னைமரத்தில் இருக்கும் என்று நான் நினைத்து அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் பாதியில் சாரல் பிடித்தது. ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூன்றாவதில் இரண்டு அணியும் இருபத்தேழு. இருபத்தொன்பது எடுத்தால் வெற்றி. அத்தை நடுவில் நின்றாள். நனைந்த பந்து உயரமாக வந்தது. எல்லோரும் ஓங்கி அடிக்கிற இடத்தில் அவள் அடிக்கவில்லை. முழங்கால் வரை இறங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு வெட்டினாள். பந்து வலையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. அடுத்த பந்துக்கும் அதே வெட்டுதான். பட்டணத்துப் பெண்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்திய கத்தில் இரண்டு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கிரிக்கெட் வீரர் குளித்துவிட்டு வந்து அத்தையிடம் கோப்பையைக் கொடுத்தார், கேமராவும் அவரோடு திரும்பி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே ராத்தா வீட்டில் கூடியது. அவருடைய வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். எங்கள் தெருவில் டி.வி. இருந்த ஒரே வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் ராத்தா என்றே கூப்பிடுவோம். பெரியப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார் ராத்தா. அத்தை அடுக்களை வாசலில் நின்றாள்.

செய்தி ஆரம்பித்தது. கிரிக்கெட். அப்புறம் வேறொரு ஊரில் கிரிக்கெட். அப்புறம் மழையால் நடக்காமல் போன கிரிக்கெட். தார்ப்பாய் போட்டு மூடிய மைதானத்தை, தார்ப்பாய் மேல் மழை விழுவதை, குடை பிடித்தவர்கள் நடப்பதை எல்லாம் நிதானமாகக் காட்டினார்கள். கடைசியில் குற்றாலம் வந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

அருவி. அருவிக்கரையில் கிரிக்கெட் வீரருக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள். கிரிக்கெட் வீரர் மங்குஸ்தான் பழம் உரிக்கிறார். கிரிக்கெட் வீரர் பூப்பந்து மட்டையைக் கிரிக்கெட் மட்டை மாதிரிப் பிடித்துப் பந்தைத் தோப்புக்குள் விளாசுகிறார். பிறகு கம்பெனி பேனர், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கோப்பையைக் கொடுக்கும் கிரிக்கெட் வீரர், வாங்கும் ஒரு கை. கைக்கு மேலே ஆள் இல்லை. “குற்றாலத்தில் நடைபெற்ற மகளிர் டென்னிஸ் போட்டியில் பற்பொடி அணி வென்றது” என்று ஒரு குரல் சொல்லி முடித்தது. உடனே அதே பற்பொடியின் விளம்பரம் வந்தது. ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரித்தாள். அத்தையின் கையைக் காட்டியதைவிட அந்தப் பல்லை அதிக நேரம் காட்டினார்கள்.

“அது அத்த கை! அத்த வளையல்!” என்று கத்தினேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

“படுபாவிப் பயலுவ, பொம்பளப் புள்ள மொகத்தக் காட்டுனா இவன் டி.வி. தேஞ்சா போயிரும்?” என்று ராத்தா எழுந்து பெட்டியை அணைத்தார். “மழைய மட்டும் அம்புட்டு நேரம் காட்டுதான். மழ நம்ம ஊர்ல பெய்யலியாக்கும்?”

அத்தை டீ டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவப் போனாள். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. அவர் அணைந்த டி.வி.யைப் பார்த்து, “டென்னிஸா?” என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் நேரே மைதானத்துக்கு வந்தார். கையில் அளவு டேப். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, நீளம் எண்பது அடி, அகலம் நாற்பது அடி என்று அளந்து நோட்டில் எழுதினார். அத்தையிடம் விசாரணை நடத்தினார். எத்தனை பேர் ஆடுவது, எத்தனை பாயிண்ட், அம்பயர் யார், எந்த ஊர்? அத்தை அரண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பந்தை வாங்கி நசுக்கி, மோந்தும் பார்த்தார்.

“ஆடிக் காட்டுங்க” என்றார்.

ஆடினார்கள். சாரல் வந்தது. பெரியப்பா குடையை விரிக்கவே இல்லை, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அத்தை அந்த வெட்டை வெட்டினாள்.

“அத இன்னொருக்க அடி” என்றார்.

அடித்தாள்.

“இன்னொருக்க.”

எத்தனை தடவை அடிக்கச் சொன்னாரோ, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்ணாடியில் வழிந்த நீரைத் துடைக்காமலே பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “இதப் போயி டென்னிஸுன்னு சொல்லிட்டானே” என்றார். அவர் குரல் என்னவோ போல இருந்தது. நனைந்ததில் சளி பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். அவர் கையெழுத்தை ஆபீஸில் ஒருவரும் படிக்க முடியாது, என்னுடையது முத்து முத்தாக இருக்கும். கார்பன் தாள் இரண்டு வைத்து, அழுத்தி எழுது என்றார். டி.வி. நிலையத்துக்கு மனு. பொருள், பார்வை எல்லாம் போட்டுச் சொல்லச் சொல்ல எழுதினேன். மேற்படி ஆட்டம் டென்னிஸ் அன்று, பூப்பந்து என்பது பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது. பற்பொடிக்குக் கை கால் இல்லாதபடியால் அது பந்து அடிக்க இயலாது, வென்றது இலஞ்சி அணி. மழையில் நடக்காத ஆட்டத்தைக் காட்டிய நேரத்தில் மழையில் நடந்த ஆட்டத்தைக் காட்டியிருக்கலாம். எழுத எழுத எனக்கு நெஞ்சு விம்மியது. எங்கள் பெரியப்பா டி.வி.யோடேயே சண்டை போடுகிறார்!

அத்தை பத்தடி தள்ளி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மேற்படி வீராங்கனை இம்மாதம் திருச்சியில் நடைபெறும் முகாமில் கலந்துகொள்கிறார். அங்கேனும் தங்கள் கேமராவை அனுப்பி ஆவன செய்யக் கோருகிறேன்” என்றார் பெரியப்பா.

நான் பேனாவை நிறுத்தினேன். “அத்ததான் போகலியே பெரியப்பா? பொய் எழுதலாமா?”

“மனுவுல பொய் எழுதப்படாது” என்றார். “எழுதுட்டி.”

முறத்தின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“கீழ நகல்னு போடு. ஒண்ணு, பற்பொடிக் கம்பெனி மேலாளர். ரெண்டு, மேற்படி வீராங்கனை, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.” கையெழுத்துப் போட்டார். அடித்தாளை உருவி என்னிடம் நீட்டினார். “மேற்படியாள்கிட்ட குடுத்து, பெற்றுக்கொண்டேன்னு இந்த நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா.” அத்தை இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் பத்தடி நடந்து கொடுத்தேன். அத்தை கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள், அதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மை பரவிவிட்டது. ஆபீஸ் நோட்டில் இப்படியா போடுவது என்று அவளைத் திட்டினேன்.

அடுத்த வாரம் பெரியப்பா லீவு போட்டு அவரே அத்தையை ரயிலில் கூட்டிப்போய் முகாமில் விட்டுவிட்டு வந்தார். மனுவில் எழுதிவிட்டதால் வேறு வழியில்லாமல் செய்கிறார் என்று நினைத்தேன். தினமும் தபால்காரரை வழிமறித்தேன். டி.வி.யிலிருந்து ஒரு வரி வரவில்லை. கம்பெனியிலிருந்து மாதிரிப் பொட்டலம் இரண்டு வந்தது, பற்பொடிதான். மூன்றாவது வாரம் அத்தையிடமிருந்து கார்டு வந்தது, மாநில அணியில் எடுத்துவிட்டார்கள் என்று. பெரியப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டியதில் நாலே நாளில் அது மடிப்பில் கிழிந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஆறவில்லை. அவ்வளவு அழுத்தி எழுதிய மனு!

“நம்ம மனுவ ஒருத்தருமே மதிக்கலியே பெரியப்பா” என்றேன்.

“யாருட்டி சொன்னா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததே இல்லை. “அதான் நடவடிக்க எடுத்தாச்சுல்லா.”

எங்கே எடுத்தார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்தா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து, விளையாட்டுச் செய்தி முடியும்வரை கண் கொட்டாமல் தேடினேன்.